இருபுறமும் சமப்படுத்திய பத்தியில் சில வரிகள் மட்டும் இழுபட்டு நிற்பது ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். பத்திகளை ஜஸ்டிஃபை செய்து, இடது வலது இரண்டு ஓரமும் நேர்கோடாக நிற்கும்படி வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலான வரிகள் ஒழுங்காக இருக்கின்றன. நடுநடுவே சில வரிகளில் மட்டும் இரண்டு மூன்று சொற்கள்தான் இருக்கின்றன; அவை தள்ளித் தள்ளி நின்று வலது ஓரம்வரை இழுபட்டுக் கிடக்கின்றன. ஸ்பேஸை அழித்துச் சரிசெய்யப் பார்த்தீர்கள், அழிக்க அங்கே கூடுதல் ஸ்பேஸ் ஒன்றுமில்லை. கடைசி வரி மட்டும் தப்பித்து இடப்பக்கம் அடக்கமாக நிற்கிறது. இது வேர்டின் கோளாறா, எழுத்துருவின் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: கடைசி வரியை இழுக்காமல் விடத் தெரிந்த மென்பொருளுக்கு இந்தக் குட்டை வரிகளை விடத் தெரியாதா? இதற்குப் பதில் கிடைத்தால் முதல் கேள்வியும் தீர்ந்துவிடும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிற வேலை செய்கிறேன். பலர் தட்டச்சு செய்து அனுப்பும் கோப்புகளைத் திறந்து சுத்தம் செய்வதுதான் அந்த வேலையில் முதல் பாதி. நீங்கள் சொல்கிற இழுபட்ட வரியை அநேகமாக ஒவ்வொரு கோப்பிலும் பார்த்திருக்கிறேன். உங்கள் கோப்பைப் பார்க்காமல் பேசுவதால் வேறு சில காரணங்களுக்கும் கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறேன். அவற்றைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் கடைசி வரி தப்பிக்க, நடுவிலுள்ள குட்டை வரிகள் மட்டும் மாட்டிக்கொள்கின்றன என்ற ஓர் அடையாளமே பெரும்பாலும் போதும். அந்த வரிகள் வரி முறிவில் முடிகின்றன. எண்டர் தட்ட வேண்டிய இடத்தில் ஷிப்டையும் சேர்த்து எண்டர் தட்டப்பட்டிருக்கிறது, அல்லது வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டிய உரை அந்தக் குறியைத் தன்னோடு கொண்டுவந்திருக்கிறது. மென்பொருளிலும் கோளாறு இல்லை, எழுத்துருவிலும் இல்லை.

திரையில் பார்த்தால் எண்டரும் ஷிப்ட் எண்டரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டிலும் கர்சர் கீழே இறங்குகிறது. கோப்புக்குள் அவை வெவ்வேறு செய்திகள். எண்டர் தட்டினால், இந்தப் பத்தி இத்தோடு முடிந்தது என்று பொருள். ஷிப்ட் எண்டர் தட்டினால், பத்தி இன்னும் முடியவில்லை, அடுத்த சொல்லை மட்டும் கீழ் வரியில் தொடங்கு என்று பொருள். ஜஸ்டிஃபை என்ற கட்டளைக்கு ஒரே விதிதான்: பத்தியின் கடைசி வரி தவிர மற்ற எல்லா வரிகளும் இரண்டு ஓரத்தையும் தொட வேண்டும். வேர்டு அந்த விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறது. உங்கள் கண்ணுக்கு ஆறு பத்திகளாகத் தெரிவது அதன் கணக்கில் ஒரே பத்தி. ஒரு பத்திக்குக் கடைசி வரியும் ஒன்றுதானே? மற்ற ஐந்தையும் அது நடு வரிகளாகவே எடுத்துக்கொண்டு இழுக்கிறது.

எவ்வளவு இழுபடும் என்பதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரண்டு பக்கமும் 2.54 செ.மீ. மார்ஜின் போக, எழுதக் கிடைப்பது ஏறத்தாழ 16 செ.மீ. ஒரு வரியில் எட்டுச் சொற்களும் அவற்றுக்கு நடுவே ஏழு இடைவெளிகளும் சேர்ந்து 15.3 செ.மீ. வந்துவிட்டது என்று வையுங்கள். மிச்சம் 7 மில்லிமீட்டர். ஏழாகப் பகிர்ந்தால் ஒவ்வோர் இடைவெளியும் ஒரு மில்லிமீட்டர் அகலும். யார் கண்ணிலும் படாது. இப்போது ‘மேலே சொன்னபடி நடந்தது’ என்ற மூன்று சொற்களோடு ஒரு வரி ஷிப்ட் எண்டரில் முடிகிறது, அதன் அகலம் 5 செ.மீ. என்று வையுங்கள். மிச்சம் 11 செ.மீ.; பகிர்ந்துகொள்ள இருப்பதோ இரண்டே இடைவெளி. ஒவ்வொன்றிலும் ஐந்தரை செ.மீ. கூடிவிடுகிறது. நீங்கள் பார்க்கிற ஓட்டை அதுதான். அதே வரியில் ஒரே ஒரு சொல் இருந்தால் விரிப்பதற்கு இடைவெளியே இல்லை, சொல் இடப்பக்கமே நின்றுவிடும். சில இடங்களில் ஷிப்ட் எண்டர் தட்டியும் ஒன்றும் ஆகவில்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

ஏறக்குறைய நிரம்பிய வரியின் முடிவில் தட்டிய முறிவும் வெளியே தெரியாது. அது உறங்கிக்கொண்டிருக்கும். எழுத்தின் அளவை 11 புள்ளியிலிருந்து 12க்கு ஏற்றினால் விழித்துக்கொள்ளும். நிரம்பியிருந்த வரி இப்போது கொள்ளாமல், கடைசி இரண்டு சொற்களைக் கீழே தள்ளும். முறிவு அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆக ஒன்று இடது ஓரத்திலும் மற்றது வலது ஓரத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும், நடுவில் பெரிய வெற்றிடம். நேற்றுவரை நன்றாக இருந்த கோப்பு இன்று கெட்டுவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது இதுதான். கெட்டது இன்று இல்லை; முறிவு என்றைக்கோ தட்டியது.

இந்த விதி கணினியோடு பிறந்ததுமில்லை. ஈய எழுத்தில் அச்சுக்கோத்த காலத்தில் ஒவ்வொரு வரியும், எழுத்துகளை அடுக்கும் கைத்தட்டான கம்போசிங் ஸ்டிக்கின் அகலத்துக்கு இறுக நிரம்பியே ஆக வேண்டும். தளர்ந்த வரி கட்டுக்குள் நிற்காது, எழுத்துகள் உதிர்ந்துவிடும். அதனால் நடு வரிகளில் சொற்களுக்கு இடையே மெல்லிய ஈயத் துண்டுகளைச் செருகி நிரப்பினார்கள். 1886இல் பயன்பாட்டுக்கு வந்த, முழு வரியாக ஈயத்தில் வார்த்துத் தரும் லைனோடைப் இயந்திரத்தில் இந்த வேலைக்கென்றே ஆப்பு வடிவப் பட்டைகள் இருந்தன. ஒரு வரி தட்டி முடித்ததும் அவை கீழிருந்து மேலே தள்ளப்பட்டு, எல்லா இடைவெளிகளையும் ஒரே அளவில் அகலப்படுத்தும். பத்தியின் கடைசி வரிக்கு மட்டும் வேறு வழி. சொற்களை வழக்கமான இடைவெளியில் கோத்துவிட்டு, மீதி இடத்தைக் குவாடு எனப்படும் எழுத்தில்லாத ஈயக் கட்டைகளால் அடைத்தார்கள். கடைசி வரியும் நிரம்பித்தான் இருந்தது, மை படாத கட்டையால். வேர்டு பத்தியின் முடிவில் இந்தக் குவாடைத் தானே வைத்துவிடுகிறது. ஷிப்ட் எண்டருக்கு முன்னால் வைப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அதை நாமே கையால் வைக்கப்போகிறோம்.

முதலில் உங்கள் கோப்பில் இருப்பது இதுதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் கண்ட்ரோலும் எஃப்10உம். மறைந்திருந்த குறிகளெல்லாம் வெளியே வரும். ஸ்பேஸ் ஒவ்வொன்றும் நடுப்புள்ளியாக, டேப் வலப்பக்கம் பார்க்கும் அம்பாகத் தெரியும். பத்தி முடிவில், ஆங்கிலப் பெரிய பி எழுத்தைத் திருப்பி வைத்ததுபோன்ற குறி இருக்கும். வரி முறிவு இருக்கும் இடத்தில், கீழே இறங்கி இடப்பக்கம் மடங்கும் சின்ன அம்பு இருக்கும். இவை எதுவும் அச்சில் வராது. இழுபட்ட வரியின் வலது முனையைப் பாருங்கள். மடங்கிய அம்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அம்பு இல்லாமலும் ஒரு வரி இழுபட்டிருந்தால், நான் ஒதுக்கிவைத்த மற்றக் காரணங்களைப் பார்க்க வேண்டும். அடுத்த வரியின் முதல் சொல் மிக நீளமாக, அல்லது ஓர் இணைய முகவரியாக இருக்கலாம். அது மேலே கொள்ளாமல் முழுதாகக் கீழே இறங்கியதால் மேல் வரியில் காலியிடம் கூடியிருக்கும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய உரை என்றால் பிரியா இடைவெளிகள் வந்திருக்கக்கூடும்; வேர்டில் அவை நடுப்புள்ளிக்குப் பதிலாகச் சின்ன வட்டமாகத் தெரியும். நான்கைந்து சொற்களை அவை ஒரே சங்கிலியாகக் கோத்துவிட்டால், சங்கிலி முழுதும் சேர்ந்தே அடுத்த வரிக்குப் போகும். இன்னொன்று, ஜஸ்டிஃபைக்குப் பதில் டிஸ்ட்ரிபியூட் என்ற ஏற்பாடு தெரியாமல் இடப்பட்டிருப்பது. கண்ட்ரோல் ஜே அழுத்தும்போது ஷிப்டும் சேர்ந்துவிட்டால் வேர்டில் அது நடக்கும். அதில் கடைசி வரியும் இழுபடும், சொற்களுக்கு நடுவே மட்டுமல்லாமல் எழுத்துகளுக்கு நடுவேயும் இடைவெளி விழும். உங்கள் கடைசி வரி தப்பித்திருப்பதால் இதை விட்டுவிடலாம். முதல் இரண்டை முழுதாக விலக்க, குறிகளைப் பார்த்தால்தான் முடியும்.

இனி, அந்த முறிவுகள் ஏன் வந்தன என்று பார்க்க வேண்டும். நீக்குவதைவிட இதுதான் முக்கியம். காரணம் அப்படியே இருந்தால் அடுத்த கோப்பிலும் வரும். என் அனுபவத்தில் முதல் காரணம் பத்திகளுக்கு நடுவே விழும் இடைவெளி. வேர்டு 2003வரை, எண்டர் தட்டினால் பத்திக்குப் பிறகு கூடுதல் இடைவெளி எதுவும் வராது. 2007இலிருந்து இயல்பு ஏற்பாடு மாறியது: பத்திக்குப் பின் 10 புள்ளி இடைவெளி, வரிக்கு வரி 1.15 மடங்கு. 2013இல் அது 8 புள்ளி, 1.08 மடங்கு என்றானது. எண்டர் தட்டினால் தேவையில்லாத இடைவெளி விழுகிறதே என்று எரிச்சலடைந்தவர்களுக்கு, ஷிப்ட் எண்டர் தட்டு, இடைவெளி வராது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இடைவெளி போய்விடும், உண்மைதான். இடப்பக்கம் மட்டும் சீராக வைத்திருக்கும்வரை வேறு தொந்தரவும் இல்லை. என்றைக்கு அதே பத்தியை ஜஸ்டிஃபை செய்கிறார்களோ அன்றைக்கு எல்லாம் இழுபடும். இவர்களுக்கு வேண்டியது பத்தி ஏற்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது: பத்திக்குப் பின்னுள்ள இடைவெளியைச் சுழியமாக்குங்கள், அல்லது ஒரே ஸ்டைலில் (பெயரிட்டுச் சேமித்த வடிவ ஏற்பாட்டில்) உள்ள பத்திகளுக்கு நடுவே இடைவெளி சேர்க்காதே என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். ஒருமுறை ஸ்டைலிலேயே செய்துவிட்டால் ஷிப்ட் பக்கம் விரல் போகவே போகாது.

மற்றக் காரணங்கள் சின்னவை. வலைப்பக்கத்திலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் ஒட்டும்போது அங்குள்ள வரி முறிவுகள் அப்படியே வந்துவிடும். எண்ணிட்ட பட்டியலில் புதிய எண் வராமல் இரண்டாவது பத்தி எழுத வேண்டும் என்று ஷிப்ட் எண்டர் தட்டுவார்கள். அதற்கென்றே வேர்டில் லிஸ்ட் கன்டினியூ என்ற ஸ்டைல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஒரு சொல் மோசமான இடத்தில் முறிகிறதே என்று வரிக் கடைசியில் கையால் தட்டிவைப்பவர்களும் உண்டு. உறங்கும் முறிவுகள் அதிகம் உருவாவது இப்படித்தான்.

இப்போது நீக்கும் முறை. வேர்டில் கண்ட்ரோல் எச் அழுத்தினால் தேடி மாற்றும் பெட்டி வரும். மோர் என்பதைத் தட்டி, ஸ்பெஷல் பட்டியலைத் திறந்து, தேடும் கட்டத்தில் மேனுவல் லைன் பிரேக்கையும், மாற்றும் கட்டத்தில் பாராகிராஃப் மார்க்கையும் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபீஸில் ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ் என்ற தேர்வை இயக்கிவிட்டு, இரண்டு கட்டத்திலும் பின்சாய்கோடும் ஆங்கிலச் சிறிய என் எழுத்தும் இட வேண்டும். ஒரே குறியை இரண்டு இடத்திலும் போட்டால் என்ன மாறும் என்று தோன்றும். அந்த மென்பொருளில் அதே குறிக்குத் தேடும் கட்டத்தில் வரி முறிவு என்றும், மாற்றும் கட்டத்தில் பத்தி முறிவு என்றும் பொருள். தெரியாதவர்களுக்கு இது வெகுநேரம் புரியாது என்பதால் சொல்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றிவிடாதீர்கள். ஒருமுறை ஒரு கட்டுரைத் தொகுப்பில் நான் அப்படிச் செய்தேன். இழுபட்ட வரிகள் எல்லாம் ஒரு நொடியில் நேராயின. மகிழ்ச்சியோடு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் கட்டுரைகளுக்குள் மேற்கோளாகச் செய்யுள்கள் இருந்தன. நான்கு அடிச் செய்யுளில் அடிக்கு அடி வரி முறிவுதான் இருந்தது, சரியாகவே இருந்தது. நான் மாற்றியதும் ஒவ்வோர் அடியும் தனிப் பத்தியாகி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பத்தித் தொடக்க உள்தள்ளல், ஒவ்வொன்றுக்கும் பின்னால் இடைவெளி. மெய்ப்புப் படியில் ஆசிரியர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூல நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செய்யுளாகத் திருத்தினேன். அன்றிலிருந்து என் வழக்கம் இது: முதலில் செய்யுள், முகவரி, கையொப்பப் பகுதி போன்றவற்றை எல்லாம் இடப்பக்கச் சீராக்கி அவற்றுக்கென்று தனி ஸ்டைல் கொடுத்துவிடுவேன். பிறகு தேடும் கட்டத்தில் ஃபார்மட் வழியாகப் பத்தியின் அலைன்மென்ட் ஜஸ்டிஃபைடு என்றும் சேர்த்துத் தேடுவேன். அப்போது வேர்டு ஜஸ்டிஃபை செய்த பத்திகளுக்குள் இருக்கும் முறிவுகளை மட்டுமே தொடும். அதற்கும் முன்னால் கோப்பின் நகல் ஒன்றைத் தனியாக எடுத்துவைப்பேன்.

பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியதாக இருந்தால் நிலைமை பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும். அங்கே ஒவ்வொரு வரியின் முடிவிலும் பத்திக் குறியே வந்து உட்கார்ந்திருக்கும், அதனால் எந்த வரியும் ஜஸ்டிஃபை ஆகாது; என்ன செய்தாலும் வலது ஓரம் கரடுமுரடாகவே நிற்கும். அதற்கு மருந்து வேறு, பத்திக் குறியை ஸ்பேஸாக மாற்ற வேண்டும். உங்கள் கேள்வி அதுவல்ல என்பதால் விட்டுவிடுகிறேன்.

வரி முறிவும் வேண்டும், பத்தியும் ஜஸ்டிஃபை ஆக இருக்க வேண்டும், வரியும் இழுபடக் கூடாது என்றால் என்ன செய்வது? இங்கேதான் குவாடு வருகிறது. ஷிப்ட் எண்டர் தட்டுவதற்கு முன் ஒரு டேப் தட்டுங்கள். ஒரு வரியில் டேப் இருந்தால் அதற்கு முன்னாலுள்ள சொற்களை வேர்டு இழுப்பதில்லை, டேபுக்குப் பின்னால் உள்ளவற்றை மட்டுமே விரிக்கும். டேபுக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்றால் விரிக்கவும் ஒன்றுமில்லை. மீதி இடத்தில் மை படாத கட்டை வைத்ததுபோல வரி அடங்கிவிடும். ஒரு வரியோ இரண்டு வரியோ என்றால் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. வரி ஏற்கெனவே வலது ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் டேபுக்கு இடமில்லை. அங்கே அதற்குத் தேவையுமில்லை.

கோப்பு முழுவதற்கும் ஒரே ஏற்பாடாக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், அடியில் இருக்கும் லேஅவுட் ஆப்ஷன்ஸ் பட்டியலைத் திறந்தால், ஷிப்ட் ரிடர்னில் முடியும் வரியில் இடைவெளிகளை விரிக்காதே என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்தால் குட்டை வரிகள் எல்லாம் இடப்பக்கம் வந்துவிடும். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக ரைட்டரின் கம்பேட்டிபிலிட்டி பகுதிக்குப் போனால் இதே பொருளில் ஒரு கட்டம் உண்டு, ஆனால் திசை எதிரானது: ஜஸ்டிஃபை பத்திகளில் வரி முறிவுள்ள வரிகளை விரி என்று இருக்கும், இயல்பாகவே டிக் செய்திருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். இரண்டிலும் இந்த ஏற்பாடு அந்தந்தக் கோப்போடு சேமிக்கப்படுகிறது. அதனால் இந்தக் கோப்பின் உரையை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டினால் பழைய இழுப்பு திரும்ப வந்துவிடும். இந்தக் காரணத்துக்காகவே, பல பேர் கைமாறும் கோப்புகளில் நான் இதை நம்புவதில்லை, முறிவுகளையே சரிசெய்துவிடுவேன்.

எல்லா மென்பொருளும் வேர்டைப் போலவே நடந்துகொள்ளும் என்று நினைத்துவிட வேண்டாம். வலை உலாவிகளில் ஜஸ்டிஃபை செய்த பத்திக்கு நடுவே வரி முறிவு போட்டால் அந்த வரி இழுபடாது. முறிவுக்கு முன்னுள்ள வரியையும் பத்தியின் கடைசி வரியையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது அங்குள்ள விதி. வலைப்பக்கத்தில் அழகாக நின்ற உரை வேர்டில் ஒட்டியதும் கலைந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு வசதியும் தனித்தனியாக உண்டு: லைன்பிரேக் என்ற கட்டளை வரியை முறித்து இழுத்து நிரப்பும், நியூலைன் என்ற கட்டளை வரியை முறித்து மீதியைக் காலியாக விடும். என்னைக் கேட்டால், எழுதுகிறவர் மனத்தில் இருப்பது எது என்று கேட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாடுதான் சரியானது. ஒரே விசையில் இரண்டு எண்ணங்களையும் ஏற்றிவைத்ததால் வந்ததுதான் வேர்டில் நாம் படும் பாடு.

லேடெக்குக்கு அடித்தளமான டெக்கில் இன்னொரு வேறுபாடும் உண்டு. டொனால்டு நூத், மைக்கேல் பிளாஸ் இருவரும் 1981இல் வெளியிட்ட முறைப்படி, அது பத்தி முழுவதையும் ஒன்றாகப் பார்த்து எங்கெங்கே முறித்தால் மொத்த இடைவெளிகளும் சீராக வரும் என்று தீர்மானிக்கிறது. ஐந்தாவது வரியின் நன்மைக்காக இரண்டாவது வரியைச் சற்றே நெருக்கும். வரி வரியாக நிரப்பிக்கொண்டே போகும் மென்பொருளில் அப்படி முன்னும் பின்னும் பார்த்து ஈடுகட்டுவது கிடையாது. ஒரு வரி மோசமாக வந்தால் வந்ததுதான்.

தமிழில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். நம் சொற்கள் விகுதியும் சந்தியும் சேர்ந்து நீண்டுகொண்டே போகிறவை. ‘எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று ஒரே சொல் வரியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். வரிக்கு ஐந்தாறு சொற்கள்தான் என்றால் பகிர்ந்துகொள்ள நான்கைந்து இடைவெளிகள்தான்; வரி முறிவே இல்லாமல்கூட ஓட்டை விழும். அந்த நீண்ட சொல்லை உடைக்க அனுமதி கொடுப்பதுதான் இதற்கு வழி. வேர்டில் கண்ட்ரோலும் இணைப்புக்கோடும் சேர்த்து அழுத்தினால், தேவைப்பட்டால் மட்டும் உடைந்து கோடு காட்டும் குறி விழும். கோடு வேண்டாம் என்றால் சிம்பல் பட்டியலில் சிறப்புக் குறிகளுக்குள் நோ-விட்த் ஆப்ஷனல் பிரேக் என்று ஒன்று இருக்கிறது. தமிழுக்கு நான் பெரும்பாலும் அதையே பயன்படுத்துகிறேன். எடுத்துக், கொண்டிருக், கிறார்கள் என்று இரண்டு இடத்தில் அதை வைக்கலாம். புள்ளி வைத்த மெய்யெழுத்து அடுத்த வரியின் தலையில் வந்து நிற்கும்படி மட்டும் உடைக்காதீர்கள். ‘எடுத்து’ மேலும் ‘க்கொண்டிருக்கிறார்கள்’ கீழும் வந்தால் படிக்கிற நாக்கு தடுக்கும். இந்தக் குறிக்கு ஒரு விலையும் உண்டு: கண்ணுக்குத் தெரியாமல் சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பதால், பிறகு அந்தச் சொல்லைத் தேடினால் அகப்படாமல் போகலாம். ஆகவே உரை இறுதியான பிறகு, இழுபட்ட வரிகளில் மட்டும் வையுங்கள்.

ஷிப்ட் எண்டரால் இந்த வேலையைச் செய்ய நினைப்பதுதான் பெரிய தவறு. முறிவு என்பது ஆணை. எத்தனை திருத்தம் செய்தாலும் அந்த இடத்தில் முறிந்தே தீரும். உடைக்க அனுமதி கொடுக்கும் குறிகளோ, அந்தச் சொல் வரிக் கடைசிக்கு வந்தால் மட்டும் வேலை செய்யும், இல்லையென்றால் அமைதியாக இருந்துவிடும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் ஆவணம் குறுகிய பத்திகளாக, இரண்டு மூன்று நெடுவரிசைகளில் அமைந்ததா? அப்படியானால் ஜஸ்டிஃபையே வேண்டாம் என்றுதான் சொல்வேன். இடப்பக்கச் சீர் எந்த விதத்திலும் மட்டமானதல்ல. வலை உள்ளடக்கத்துக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள்கூட, 1.4.8 என்ற விதியில், தங்கள் மிக உயர்ந்த நிலைக்கு உரை இரண்டு ஓரமும் சமப்படுத்தப்படாமல் இருக்க வேண்டும் என்கின்றன. சீரற்ற இடைவெளிகள் வாசிப்புச் சிரமம் உள்ளவர்களை வரிக்கு வரி தடுமாறவைக்கின்றன. புத்தக அகலத்தில் நீண்ட வரிகள் என்றால் ஜஸ்டிஃபை அழகுதான், நானும் அதையே வைக்கிறேன்.

உங்கள் கோப்பில் இன்றைக்கே செய்யக்கூடியது: நகல் எடுத்துக்கொண்டு, குறிகளைக் காட்டச் சொல்லி, இழுபட்ட வரிகளில் மூன்றின் வலது முனையைப் பாருங்கள். மூன்றிலும் மடங்கிய அம்பு இருந்தால் மேலே சொன்னபடி தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாற்றுங்கள். மாற்றியதும் பத்திகளுக்கு நடுவே இடைவெளி விழும். பயப்படாமல் ஸ்டைலில் போய் அதைச் சுழியமாக்குங்கள். தலைப்புகளுக்குள் இருக்கும் முறிவுகளை இந்த முறையில் தொடாதீர்கள், ஒரு தலைப்பு இரண்டாக உடைந்து பொருளடக்கத்தில் இரண்டு வரிகளாக வந்துவிடும். அங்கே முறிவை எடுத்துவிட்டு ஒரு ஸ்பேஸ் போட்டால் போதும். அம்பு எதுவும் தெரியவில்லை என்றால், அந்த வரியையும் அதற்கு அடுத்த வரியின் முதல் சொல்லையும் குறிகளோடு படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.